நாலு ப்ளக்... 13 ஆம்பியர்!

உங்க ரூம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள்ள தினமும் காலையில என்ன நடக்குதுன்னு தெரியுமா? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம், வாங்க!

முதல்ல ஒரு குட்டி டெஸ்ட். கீழே இருக்கிற மூணு வரியையும் படிங்க.

'கரன்ட் போச்சு.'

'கரன்ட் பில் எகிறிடுச்சு.'

'கரன்ட் அடிச்சிடுச்சு.'

மூணுலயும் வர்றது ஒரே 'கரன்ட்'தானேன்னு கேட்டா... இல்லைங்க பாஸ்! மூணும் மூணு வேற சங்கதி.

ராத்திரி ஃபேன் நின்னதும் 'கரன்ட் போச்சு'ன்னு கத்துறோமே, அங்கே உண்மையில் போனது வோல்டேஜ். ஒயருக்குப் பின்னாடி நின்னு தள்ளிக்கிட்டிருந்த ஆள் ஸீன்ல இருந்து காணாமப் போயிட்டார். 'கரன்ட் பில்'லுன்னு அப்பா கையில வெச்சுக்கிட்டு நம்மை முறைக்கிறாரே, அது பவரையும் நேரத்தையும் பெருக்கி வந்த கணக்கு. 1000 வாட்ஸ் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். நிஜமான கரன்ட், அதாவது ஆம்பியர், மூணாவது வரியில மட்டும்தான் இருக்கு. உடம்பு வழியா ஓடினது அதுதான்.

'பிளஸ் டூவோட ஃபிஸிக்ஸுக்கு டாட்டா காட்டியாச்சு, ஆளை விடு'ன்னு பேஜைத் திருப்பிடாதீங்க. பி.காம். படிக்கிறவங்களுக்கும் தமிழ் இலக்கியம் படிக்கிறவங்களுக்கும் சேர்த்துதான் இந்தக் கட்டுரை. தேவைப்படறது ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். அவ்வளவுதான். ஆனா, அந்த வகுத்தலைப் போடாம விட்டா ரூமே எரியலாம். உங்க பக்கத்துக் கட்டில் நண்பனோட உயிரும் போகலாம்.

முதல் நாள்... முதல் ஷோ!

பெரிய ஹீரோ படம் ரிலீஸ். தியேட்டர் கேட் முன்னாடி செம கூட்டம். பின்னாடி இருக்கிறவங்க முண்டித் தள்ளுறாங்க. அந்தத் தள்ளல்தான் வோல்டேஜ். ஒரு செகண்டுக்கு எத்தனை பேர் கேட்டைத் தாண்டி உள்ளே போறாங்க? அதுதான் கரன்ட். கேட் குறுகலா இருந்தா ஒவ்வொருத்தரா நெளிஞ்சுதான் போகணும். அந்தக் குறுகல்தான் ரெசிஸ்டன்ஸ், நல்ல தமிழில் மின்தடை.

தள்ளல் அதிகமானா அதிகம் பேர் உள்ளே போவாங்க. கேட் குறுகலானா குறைவாப் போவாங்க. இதை அப்படியே கணக்கா எழுதினா...

வோல்டேஜ் = கரன்ட் × ரெசிஸ்டன்ஸ்

இதுதான் ஓம் விதி. இன்னொண்ணும் இருக்கு. கேட்டுக்குள்ள நசுங்கிப் போகும்போது சட்டை கசங்கும், வேர்த்துக் கொட்டும் இல்லையா? ஒயருக்குள்ள எலெக்ட்ரான்களுக்கும் அதே கதிதான். அந்த வியர்வைதான் சூடு. எவ்வளவு வேகமா எனர்ஜி செலவாகுதுங்கிறதுதான் பவர்.

பவர் = வோல்டேஜ் × கரன்ட்

இந்த ரெண்டு வரியை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கோங்க. மீதி எல்லாம் இதுக்குள்ளேயே இருக்கு. வோல்டேஜையும் கரன்டையும் அளந்துட்டா, பெருக்கினா பவர், வகுத்தா ரெசிஸ்டன்ஸ். ரெண்டாவது வரியில வோல்டேஜ் இருக்கிற இடத்தில் 'கரன்ட் × ரெசிஸ்டன்ஸ்'னு போட்டா, பவர் = கரன்ட் × கரன்ட் × ரெசிஸ்டன்ஸ். இந்த 'கரன்ட் × கரன்ட்' இருக்கே... இன்னிக்கு நம்ம கதையோட வில்லனே அதுதான்!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்

ஜார்ஜ் சைமன் ஓம், 1789-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தவர். அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. ஓம், கொலோன் நகரப் பள்ளியில் வாத்தியார். நேரம் கிடைச்சப்போ எல்லாம் ஒயரும் பேட்டரியுமா சோதனை பண்ணிக்கிட்டிருந்தார். அந்தக் கால பேட்டரி வோல்டேஜ் நிலையா நிக்காது. அதனால ரெண்டு உலோகங்கள் சேர்ற இடங்கள்ல ஒண்ணைச் சூடாக்கி, இன்னொண்ணைக் குளிர்ச்சியா வெச்சு, அதில் பிறக்கும் வோல்டேஜை வெச்சு அளந்தார். 1827-ல் புத்தகமே போட்டார்.

வரவேற்பு? சுத்தம்! சொந்த ஊர்க்காரங்களே கண்டுக்கலை. மனசு நொந்து வேலையை விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி மெடல் கொடுத்தது 1841-ல். மியூனிக்கில் பேராசிரியர் நாற்காலி கிடைச்சது 1852-ல். ரெண்டே வருஷத்தில், 1854-ல் இறந்துட்டார். 1881-ல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு, மின்தடைக்கான அலகுக்கு 'ஓம்'னு பேரை ஏத்துக்கிச்சு. அரியர் வெச்சிருக்கிற நம்ம மக்களுக்கு ஆறுதலான கதை இல்லையா?

ஸ்டிக்கரைப் படிங்க பாஸ்!

சரி, ரூமுக்கு வருவோம். நம்ம நாட்டில் வீட்டுக்கு வர்ற வோல்டேஜ் 230. எந்தச் சாதனத்தோட அடியிலும் ஒரு ஸ்டிக்கரோ முத்திரையோ இருக்கும். அதில் வாட்ஸ் எவ்வளவுன்னு போட்டிருப்பாங்க. அதை 230-ஆல் வகுங்க. அந்தச் சாதனம் இழுக்கும் ஆம்பியர் தெரிஞ்சிடும்.

9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு: 0.04 ஆம்பியர்.

65 வாட்ஸ் லேப்டாப் சார்ஜர்: 0.28 ஆம்பியர்.

75 வாட்ஸ் சீலிங் ஃபேன்: 0.33 ஆம்பியர்.

1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ்: 4.35 ஆம்பியர்.

1500 வாட்ஸ் ஹீட்டர் ராடு: 6.5 ஆம்பியர்.

2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் ஸ்டவ்: 8.7 ஆம்பியர்.

(ஃபேன், சார்ஜர் மாதிரி அயிட்டங்கள்ல 'பவர் ஃபேக்டர்'னு ஒரு சமாசாரம் இருக்கிறதால நிஜக் கரன்ட் கொஞ்சம் கூடவே இருக்கும். சூடாக்குற அயர்ன் பாக்ஸுக்கும் ராடுக்கும் இந்தக் கணக்கு பக்காவாப் பொருந்தும்.)

லிஸ்ட்டைப் பார்த்தீங்களா? ஃபேன், லைட், லேப்டாப் எல்லாம் சாதுக்கள். சூடு பண்றதுதான் ஆளை முழுங்குற பார்ட்டி. தண்ணியைச் சூடாக்குறது, சட்டையைத் தேய்க்கிறது, நூடுல்ஸ் வேக வைக்கிறது... இதில் எதுவா இருந்தாலும் ஆம்பியர் எகிறும்.

இப்போ ரெசிஸ்டன்ஸையும் பார்த்துடலாம். வோல்டேஜை ரெண்டு தடவை பெருக்கி, பவரால் வகுக்கணும். 230 × 230 = 52,900. ஹீட்டர் ராடுக்கு 52,900-ஐ 1500-ஆல் வகுத்தா சுமார் 35 ஓம். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு எரியும்போது சுமார் 880 ஓம். அதாவது, பவர் அதிகமா இருக்கிற பொருளுக்குத்தான் ரெசிஸ்டன்ஸ் கம்மி! நிறையப் பேர் உல்டாவா நினைச்சுக்கிட்டிருக்கிற விஷயம் இது.

காலை 6.30... ரூம் நம்பர் எதுவா வேணாலும் இருக்கலாம்

மார்கழிக் குளிர். எட்டரைக்கு காலேஜ். ரூம்ல மூணு பேர், சுவத்தில் ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அதில் இருந்து அஞ்சு மீட்டர் ஒயரோட ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நாலு சாக்கெட். முதல் சாக்கெட்டில் பக்கெட்டுக்குப் போற ஹீட்டர் ராடு. ரெண்டாவதில் காபிக்கு எலெக்ட்ரிக் கெட்டில். மூணாவதில் லேப்டாப். நாலாவதில் மொபைல். எத்தனை ரூம்ல இதே ஸீன்? நீங்களே எண்ணிக்கோங்க!

கணக்கு போடலாம். ராடு 1500, கெட்டில் 1500, லேப்டாப் 65, மொபைல் ஒரு 20. மொத்தம் 3085 வாட்ஸ். 230-ஆல் வகுத்தா 13.4 ஆம்பியர்.

இப்போ எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திருப்பிப் பாருங்க. நாம வாங்குற சின்ன பின் மாடல்ல பெரும்பாலும் '6 ஆம்பியர்'னு போட்டிருக்கும். 'நாலு சாக்கெட் இருக்கே, நாலு ஆறு 24 ஆச்சே!'ன்னு யாராவது கணக்கு சொன்னா நம்பாதீங்க. சாக்கெட் நாலு, ஆனா சுவருக்குப் போற ஒயர் ஒண்ணு, ப்ளக் ஒண்ணு. எல்லாக் கரன்ட்டும் அந்த ஒத்தையடிப் பாதையிலதான் வரணும். ஆக, மொத்தப் பாக்ஸுக்கும் சேர்த்தே 6 ஆம்பியர்தான். 6 × 230 = 1380 வாட்ஸ். 1500 வாட்ஸ் ராடை மட்டும் செருகினாலே லிமிட் தாண்டியாச்சு. கெட்டிலும் சேர்ந்தா ரெண்டு மடங்குக்கு மேல!

'ரெண்டு மடங்குதானே, தாங்கும் மச்சி'ன்னு ஒரு குரல் கேட்குமே... அங்கேதான் வில்லன் என்ட்ரி.

கரன்ட் × கரன்ட்!

தாமிரக் கம்பிக்கும் கொஞ்சூண்டு ரெசிஸ்டன்ஸ் உண்டு. ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.017 ஓம். உங்க எக்ஸ்டென்ஷன் ஒயர் 0.75 சதுர மில்லிமீட்டர்னு வெச்சுக்கோங்க. அஞ்சு மீட்டர் போயி, அஞ்சு மீட்டர் திரும்பி வரணும். மொத்தம் பத்து மீட்டர், சுமார் 0.23 ஓம்.

6 ஆம்பியர் ஓடினா ஒயர்ல பிறக்கும் சூடு: 6 × 6 × 0.23 = சுமார் 8 வாட்ஸ். அஞ்சு மீட்டருக்குப் பரவிடும், கைக்கே தெரியாது.

13 ஆம்பியர் ஓடினா: 13 × 13 × 0.23 = சுமார் 39 வாட்ஸ்!

கரன்ட் ரெண்டு மடங்கு சொச்சம். சூடு கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. அந்த ஒயரை அழகாச் சுருட்டி, வார்டன் கண்ணுல படாம மெத்தைக்கு அடியில வேற ஒளிச்சு வெச்சிருந்தா? சூடு வெளியே போக வழியே இல்ல. பி.வி.சி. உறை மெள்ள மெள்ள இளகும். விலை கம்மின்னு வாங்கின ஒயர்ல தாமிரம் இதைவிட மெல்லிசா இருந்தா ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும், சூடும் ஏறும்.

ஒயரைவிட மோசமான இடம் ஒண்ணு இருக்கு. லூஸ் கான்டாக்ட்! ப்ளக்கை ஆட்டினா சாக்கெட்டில் ஆடுதா? செருகும்போது 'சர்ர்'னு பொறி வருதா? அங்கே உலோகமும் உலோகமும் முழுசா ஒட்டலைன்னு அர்த்தம். அந்த இடத்தில் வெறும் 0.2 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாப் போதும். 13 × 13 × 0.2 = சுமார் 34 வாட்ஸ்.

'34 வாட்ஸ் ஒரு மேட்டரா?'ன்னு கேட்கிறவங்களுக்கு... எங்க லேப்ல ஈயம் உருக்கி ஒட்டுற சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான்! அதைவிடச் சூடான ஒரு சமாசாரத்தை, சாக்கெட்டோட பிளாஸ்டிக்குக்குள்ள சொருகி, பக்கத்துல போர்வையைத் தொங்கவிட்டுட்டு நாம பல் தேய்க்கப் போயிடறோம். ப்ளக் பின் பக்கத்துல பழுப்பா கருகின வட்டம் பார்த்திருப்பீங்களே? அது அழுக்கு இல்ல பாஸ்... எச்சரிக்கை!

எம்.சி.பி. காப்பாத்தாதா?

நல்ல கேள்வி. சுவத்தில் ஒரு பெட்டிக்குள்ள குட்டிக் குட்டி ஸ்விட்சுகள் இருக்குமே, அதுதான் எம்.சி.பி. 'கரன்ட் அதிகமானா அது ட்ரிப் ஆயிடும்'னு நம்மில் பல பேர் தைரியமா இருக்கோம்.

ஆனா, ரூம் லைனில் இருக்கிறது 16 ஆம்பியர் எம்.சி.பி.ன்னா, நம்ம 13.4 ஆம்பியர் அதுக்கு ஜுஜுபி. அது அசையவே அசையாது. அதுமட்டுமில்ல, 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் 18 ஆம்பியர் ஓடினாக்கூட ஒரு மணி நேரத்துக்கு ட்ரிப் ஆகக் கூடாதுங்கிறதுதான் சர்வதேசத் தர விதி. 23 ஆம்பியரைத் தாண்டினாத்தான் ஒரு மணி நேரத்துக்குள்ள ட்ரிப் ஆகியே தீரணும்.

காரணம் சிம்பிள். எம்.சி.பி. காவல் காக்கிறது சுவத்துக்குள்ள ஓடுற தடிமனான ஒயரை. நீங்க கடையில வாங்கிட்டு வந்த மெல்லிசான எக்ஸ்டென்ஷன் ஒயர் இருக்கிறதே அதுக்குத் தெரியாது. லூஸ் கான்டாக்ட்டோ இன்னும் மோசம். அங்கே ரெசிஸ்டன்ஸ் கூடுறதால மொத்தக் கரன்ட் ஒரு துளி குறையத்தான் செய்யும். சாக்கெட் உருகிக்கிட்டிருக்கும், எம்.சி.பி. 'எல்லாம் நார்மல்'னு நிம்மதியாத் தூங்கிக்கிட்டிருக்கும்!

நீங்க... ஒரு 50 வாட்ஸ் பல்பு

அடுத்த கணக்கைக் கொஞ்சம் சீரியஸாப் படிங்க.

மனுஷ உடம்புக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டு. தோல் நல்லா காய்ஞ்சிருந்தா பல்லாயிரம் ஓம். குளிக்கப் போற நேரம், கை ஈரம், வெறுங்கால், ஈரத் தரை... அப்போ அது சுமார் 1000 ஓம் வரைக்கும் இறங்கிடும். 230-ஐ 1000-ஆல் வகுங்க. 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர்.

1 மில்லி ஆம்பியர் ஓடினாலே லேசா சுருக்குன்னு தெரியும். 10-ஐத் தாண்டினா கை தசை இறுகி, பிடிச்சதை விட முடியாமப் போகலாம். 30-ஐத் தாண்டினா மூச்சு சிக்கலாகும். 100-ஐ நெருங்கினா இதயத்தோட தாளமே குலைஞ்சு போகலாம். நமக்கு வந்தது 230.

இப்போ எம்.சி.பி.யோட கண்ணுல இதைப் பாருங்க. 230 வோல்டேஜ், 0.23 ஆம்பியர். பெருக்கினா சுமார் 53 வாட்ஸ். ஒரு மனுஷன் ஷாக் அடிச்சுத் துடிக்கிறது, எம்.சி.பி.க்கு யாரோ ஒரு 50 வாட்ஸ் பல்பைப் போட்ட மாதிரிதான் தெரியும். 16 ஆம்பியரில் எழுபதில் ஒரு பங்கு. அது ஏன் ட்ரிப் ஆகப் போகுது?

ஆளைக் காப்பாத்துறதுக்குன்னே இருக்கிறது ஆர்.சி.சி.பி. அதோட லாஜிக் செம சிம்பிள். ஃபேஸ் ஒயர்ல போன கரன்ட்டும் நியூட்ரல்ல திரும்பி வந்த கரன்ட்டும் சமமா இருக்கணும். 30 மில்லி ஆம்பியர் குறைஞ்சு வந்தா, 'எங்கேயோ லீக் ஆகுது, யாரோ உடம்பு வழியாப் போகுது'ன்னு முடிவு பண்ணி, கண் மூடித் திறக்கிறதுக்குள்ள லைனை வெட்டிடும். அதன் முகத்தில் 'டெஸ்ட்'னு ஒரு பட்டன் இருக்கும். அப்பப்போ அழுத்திப் பார்க்கணும். அழுத்தினா விழணும். விழலைன்னா அது வெறும் ஷோ பீஸ்! (ஒரு கையில் ஃபேஸும் இன்னொரு கையில் நியூட்ரலும் பிடிச்சா இதுவும் காப்பாத்தாது. போன கரன்ட் அப்படியே திரும்பி வந்துடுதே!)

அப்புறம், ப்ளக்கில் மேலே இருக்கிற பெரிய பின். அதுதான் எர்த். மத்த ரெண்டைவிட அது நீளமா இருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. செருகும்போது முதல்ல தொடணும், பிடுங்கும்போது கடைசியா விடணும். 'சாக்கெட்டில் போக மாட்டேங்குது'ன்னு அந்தப் பின்னை உடைச்சுட்டுச் செருகுற வீரர்களே... நீங்க உடைச்சது உங்க சீட் பெல்ட்டை!

லோ வோல்டேஜ் ஊர்க்காரங்களுக்கு...

கிராமத்தில் சாயங்காலம் ஆனா பல்பு மஞ்சளாப் போகுமா? அப்போ வோல்டேஜ் 180-ன்னு வெச்சுக்கோங்க. ஹீட்டர் ராடோட 35 ஓம் மாறாது. 180 × 180 = 32,400. 35-ஆல் வகுத்தா சுமார் 920 வாட்ஸ். வோல்டேஜ் குறைஞ்சது 22 சதவிகிதம், பவர் குறைஞ்சது 39 சதவிகிதம். தண்ணி ஏன் காயவே மாட்டேங்குதுன்னு இப்போ புரியுதா?

கிணத்து மோட்டார் கதை நேர் எதிர். அது அதே தண்ணியை அதே உயரத்துக்கு ஏத்தியாகணும். வோல்டேஜ் குறைஞ்சா கரன்ட்டை அதிகமா இழுக்கும். கரன்ட் கூடினா 'கரன்ட் × கரன்ட்' வில்லன் காயிலுக்குள்ள புகுந்துடுவான். லோ வோல்டேஜில் மோட்டார் 'காயில் போகுற' ரகசியம் இதுதான். ஊருக்குப் போகும்போது அப்பாகிட்ட சொல்லி வைங்க.

புகளூருக்கு வந்த ஐடியா!

கரன்ட்டைக் குறைச்சா சூடு குறையும். ஆனா பவர் குறையக் கூடாது. என்ன பண்ணலாம்? வோல்டேஜை ஏத்து! சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரில் இருந்து நம்ம புகளூருக்கு ஒரு டி.சி. மின்தடம் வருது. அதோட திறன் 6000 மெகாவாட். அதில் ஒரு கம்பி பிளஸ் 800 கிலோ வோல்ட், இன்னொண்ணு மைனஸ் 800. ரெண்டுக்கும் இடையே 16 லட்சம் வோல்ட். 6000 மெகாவாட்டை அதால வகுத்தா 3750 ஆம்பியர்தான். இதே பவரை 230 வோல்ட்டில் கொண்டு வர நினைச்சா? சுமார் 2.6 கோடி ஆம்பியர்! அதைத் தாங்க எவ்வளவு தடிமனான கம்பி வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

உங்க மொபைல் ஃபாஸ்ட் சார்ஜர்லயும் இதே ட்ரிக்தான். '5 வோல்ட் - 3 ஆம்பியர், 9 வோல்ட் - 2 ஆம்பியர்'னு பொடி எழுத்தில் போட்டிருந்தா, முதலாவது 15 வாட்ஸ், ரெண்டாவது 18 வாட்ஸ். கரன்ட்டைக் குறைச்சே பவரை ஏத்திட்டாங்க. கேபிள் ஹேப்பி!

மல்டிமீட்டர் இருக்கா?

ரிட்சி ஸ்ட்ரீட்லயும் உங்க ஊர் எலெக்ட்ரிக்கல் கடையிலயும் சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். ரூமுக்கு ஒண்ணு போதும். ராடைப் ப்ளக்கில் இருந்து முழுசாப் பிடுங்கி, ஆறவிட்டு, துடைச்சுட்டு, ஓம் அளவில் வெச்சு ரெண்டு சோதனை பண்ணுங்க.

ஒண்ணு: ப்ளக்கோட ரெண்டு சின்னப் பின்களுக்கு நடுவே. 1500 வாட்ஸ் ராடுன்னா 35 ஓம் பக்கம் காட்டணும். 1000 வாட்ஸ்னா 53 பக்கம். (பழைய குண்டு பல்பில் இப்படி அளந்தா கணக்கு உதைக்கும். டங்ஸ்டன் இழை ஆறியிருக்கும்போது ரெசிஸ்டன்ஸ் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிடும். ராடுக்குள்ள இருக்கும் நைக்ரோம் அவ்வளவு ஆட்டம் காட்டாது.)

ரெண்டு: ஒவ்வொரு சின்னப் பின்னுக்கும் ராடோட உலோக உடம்புக்கும் நடுவே. மீட்டர் எதுவுமே காட்டக் கூடாது, 'ஓப்பன்'னு இருக்கணும். ஏதாவது ஒரு நம்பர் வந்தா, உள்ளே லீக். ராடைத் தூக்கிப் போடுங்க. ரிப்பேர், டேப் சுத்தறது எதுவும் வேணாம். ஒண்ணும் காட்டலைன்னா நூறு சதவிகிதம் சேஃப்னு அர்த்தம் கிடையாது. மீட்டர்ல இருக்கிறது குட்டி பேட்டரி, சுவத்தில் இருக்கிறது 230 வோல்ட். அதனால கீழே இருக்கிற ரூல்ஸ் எப்பவும் உண்டு.

ஓம் அளவில் வெச்சுக்கிட்டு கரன்ட் ஓடுற எதையும் தொடாதீங்க. சுவத்து சாக்கெட்டில் ஆம்பியர் அளக்கிற விஷப்பரீட்சையும் வேணாம். அதுக்குத்தான் ஸ்டிக்கர் இருக்கு, 230 இருக்கு, வகுத்தல் இருக்கு!

மூணரை நிமிஷம் வெயிட் பண்ண முடியாதா?

'அப்போ சுடுதண்ணியே கூடாதா?'ன்னு கோபப்படாதீங்க. அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு.

1500 வாட்ஸ் ராடு, 15 லிட்டர் தண்ணியை 25 டிகிரியில இருந்து 45 டிகிரிக்குக் கொண்டு வரச் சுமார் 14 நிமிஷம். 1500 வாட்ஸ் கெட்டில், ஒரு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கச் சுமார் மூணரை நிமிஷம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டாத்தான் 13 ஆம்பியர். ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு போட்டா எந்த நேரத்திலும் 6.5 ஆம்பியர்தான். அந்த 6.5-ஐயும் சுவத்தில் இருக்கும் 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்டில் நேரடியாச் செருகிட்டா, அதோட லிமிட் 3680 வாட்ஸ். பிரச்னையே இல்ல. ஆக, நம்ம உயிருக்கும் ஆபத்துக்கும் நடுவே நிக்கிறது மூணரை நிமிஷப் பொறுமை!

இந்த ரூல்ஸை ரூம் கதவில் ஒட்டிக்கோங்க:

* சூடு பண்ற எந்தச் சாதனமும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு ஆகாது. அது லேப்டாப்புக்கும் மொபைலுக்கும் மட்டும்.

* பெரிய பின்னைச் சின்ன சாக்கெட்டில் செருக கன்வெர்ட்டர் வாங்காதீங்க. பின் சைஸ் மாறும், ஆம்பியர் மாறாது.

* ராடை முதல்ல தண்ணியில வைங்க, அப்புறம்தான் ஸ்விட்ச். எடுக்கும்போது ஸ்விட்ச் ஆஃப், ப்ளக்கைப் பிடுங்கு, அதுக்கப்புறம்தான் ராடு. பிளாஸ்டிக் பக்கெட் மட்டும். சூடு பார்க்க விரலை விடுற பழக்கத்துக்கு இன்னிக்கே முழுக்கு.

* எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டியும் வைக்காதீங்க, மெத்தைக்கு அடியிலும் வைக்காதீங்க.

* ப்ளக் ஆடினாலும், சூடானாலும், கருகல் வாசனை வந்தாலும் அந்த சாக்கெட்டுக்கு வி.ஆர்.எஸ்.!

* யாருக்காவது ஷாக் அடிச்சா அவரைத் தொடாதீங்க. முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. முடியலைன்னா காய்ஞ்ச கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விடுங்க. உடனே 108-க்கு போன். மூச்சு இல்லைன்னா, தெரிஞ்சவங்க நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். கொடுக்கணும்.

* ஸ்விட்ச் போர்டில் தீ பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க. மெயின் ஆஃப்தான் முதல் வேலை.

ஹாஸ்டலா இருந்தா, ரூமுக்கு ரூம் ராடை ஒளிச்சு வெச்சு வார்டனோட கண்ணாமூச்சி ஆடுறதைவிட, மாணவர்கள் சேர்ந்து போய் ஒரு கோரிக்கை வைங்க. மாடிக்கு ஒரு பொது கீஸர், சரியான ஒயரிங், எர்த், ஆர்.சி.சி.பி.ன்னு. கையில இந்தக் கணக்கையும் எழுதி எடுத்துட்டுப் போங்க. 'குளிருது சார்'ன்னு சொல்றதைவிட '13.4 ஆம்பியர் சார்'ன்னு சொன்னா மறுத்துப் பேசறது கஷ்டம்! வாடகை வீட்டு மொட்டை மாடி ரூம்ல இருக்கிறவங்க, ஹவுஸ் ஓனர் அங்கிள்கிட்ட அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடியே 'ஆர்.சி.சி.பி. இருக்கா அங்கிள்?'னு கேட்டுடுங்க. பைக் பார்க்கிங் இருக்கான்னு கேட்கிறோம்ல, அதோட சேர்த்து இது ஒரு கேள்வி.

இப்போ புக்கை மூடி வெச்சுட்டு, உங்க ரூம்ல இருக்கிற ஒவ்வொரு ஸ்டிக்கரையும் பாருங்க. வாட்ஸைக் கூட்டுங்க. 230-ஆல் வகுங்க. விடை ஆறைத் தாண்டினா, எந்த ப்ளக்கை முதல்ல பிடுங்கணும்னு உங்களுக்கே தெரியும்.